ஆறு கார் ஓடிய ரேஸ்

ஃபார்முலா ஒன்ல பாயின்ட் எடுத்த முதல் இந்தியர் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். நாலாவது இடம், 5 பாயின்ட். ஆனா அன்னைக்கு ஓடினது மொத்தமே 6 கார்.

ரெண்டு நாள் முன்னாடி பயிற்சியில, வேகமான 13-வது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரோட மிஷெலின் டயர் பழுதாகி, கார் சுவரில் மோதிடுச்சு. அந்த வளைவை முழு வேகத்தில் டயர் தாங்கும்னு மிஷெலினால் உறுதி சொல்ல முடியல. ரேஸ் அன்னைக்கு ஃபார்மேஷன் லேப் முடிஞ்சதும் மிஷெலின் போட்ட 14 காரும் பிட்டுக்குள்ள போயிடுச்சு. மிச்சம் பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டி மட்டும்.

நரேன் எஃப் ஒன்ல எடுத்த மொத்த பாயின்ட்டும் அந்த அஞ்சுதான். அதுல அவர் தப்பு எதுவும் இல்ல. ஓட்ட வேண்டியதை ஓட்டி முடிச்சார். ஆனா அந்த 14 பேரோட மோதி வாங்கியிருந்தா அதோட மதிப்பே வேற. டயர் அன்னைக்கு அவர்கிட்ட இருந்து பறிச்சது அந்த வாய்ப்பைத்தான்.