எலும்பு சொல்லும் சேதி

 

மறையூர், காந்தலூர் பக்கம் போனவர்கள் முனியறைகளைப் பார்த்திருப்பீர்கள். கல் பலகைகளைச் சுவர் போல நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லைக் கூரையாக வைத்திருப்பார்கள். முனிவர்கள் தவம் செய்த அறை என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். பாலக்காட்டுப் பக்கத்தில் சில இடங்களில் குழி வெட்டும்போது பெரிய மண் தாழி தட்டுப்படும். மலையாளத்தில் அதை நன்னங்காடி என்பார்கள். தமிழில் முதுமக்கள் தாழி என்று பெயர். முனியறையும் தாழியும் இறந்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே வாழ்ந்த மக்கள் செய்தவை.

அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? வயிறார உண்டார்களா? என்ன நோய் வந்தது? சண்டை போட்டார்களா? ராஜாக்களைப் பற்றிக் கல்லில் எழுதி வைத்தார்கள். உழுதவர்களையும் மாடு மேய்த்தவர்களையும் பிள்ளை பெற்றவர்களையும் பற்றி யார் எழுதினார்கள்? பெரும்பாலும் யாரும் எழுதவில்லை. ஆனால் அவர்கள் உடம்பே எழுதி வைத்திருக்கிறது. எங்கே? எலும்பிலும் பல்லிலும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன படித்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் பல்லைப் பார்ப்போம். சிறு பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் வருகிறது. அல்லது பல மாதம் சரியான சாப்பாடு இல்லை. அப்போது ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் பல்லின் வளர்ச்சி தடைப்படும். பிறகு அந்தப் பல் முளைக்கும்போது அதன் மேல் குறுக்கே ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு அழியாது. ஒருவர் அறுபது வயதில் இறந்தாலும், மூன்று வயதில் பட்ட பசியைப் பல் காட்டிக் கொடுக்கும்.

அடுத்து மண்டை ஓடு. கண்குழியின் மேல்பக்கம் சிலருக்குச் சல்லடை போலச் சிறு சிறு துளைகள் இருக்கும். அது ரத்தசோகையின் அடையாளமாக இருக்கலாம். பாரம் சுமந்தவரின் முதுகெலும்பிலும் மூட்டிலும் தேய்மானம் தெரியும். இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வார்கள். பல் முளைத்த விதத்தையும் எலும்பின் நுனி சேர்ந்த விதத்தையும் பார்த்து வயதைக் கணக்கிடுவார்கள்.

வெட்டும் அடியும்கூடத் தெரியும். உயிரோடு இருப்பவரின் எலும்பு உடைந்தால் அது மெல்ல மெல்லக் கூடும். உடைந்த ஓரம் மழுங்கி உருண்டுவிடும். ஓரம் மழுங்கியிருந்தால், அடிபட்ட பிறகும் அவர் பிழைத்திருந்தார் என்று அர்த்தம். ஓரம் கூர்மையாக இருந்தால், ஆற நேரமில்லாமல் இறந்திருக்கலாம். இறந்து பல காலம் கழித்து மண் பாரத்திலோ மண்வெட்டி பட்டோ உடைந்த எலும்பு வேறு மாதிரி இருக்கும். புதிதாக உடைந்த இடம் வெளுத்துத் தெரியும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இன்னொன்றும் கவனியுங்கள். கால் எலும்பு உடைந்து கூடியிருக்கிறது என்றால், அந்த ஆள் பல வாரம் நடக்க முடியாமல் கிடந்திருப்பார். வேட்டைக்குப் போயிருக்க முடியாது. யாரோ கஞ்சி கொடுத்திருக்கிறார்கள். யாரோ தண்ணீர் மொண்டு கொடுத்திருக்கிறார்கள். எலும்பில் அடி மட்டுமல்ல, அன்பும் தெரிகிறது.

இப்போது ராஜஸ்தானுக்குப் போவோம். அங்கே உதயப்பூர் பக்கம் பாலாத்தல் என்று ஓர் இடம். அங்கே தோண்டியபோது ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. சுமார் நாலாயிரம் ஆண்டுப் பழமை. நடு வயதுக்காரர். அவருடைய மூக்கைச் சுற்றியுள்ள எலும்பு அரித்துப் போயிருந்தது. வேறு எலும்புகளிலும் நோயின் அடையாளம் இருந்தது. அது தொழுநோய் என்று ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் எழுதினார்கள். அதாவது குஷ்டம். அவரை ஊரார் எங்கோ எறிந்துவிடவில்லை. கல் சுவர் கட்டிய ஓர் இடத்தில், மாட்டுச் சாண வறட்டி எரித்த சாம்பலுக்கு நடுவே அடக்கம் செய்திருந்தார்கள்.

இது நமக்கு எதற்கு? தொழுநோயைப் போன பிறவிப் பாவம் என்றும் சாபம் என்றும் சொல்லி, எத்தனையோ பேரை வீட்டை விட்டே துரத்தினார்கள். எலும்பு என்ன சொல்கிறது? இது மனிதரோடு கூடவே வரும் பழைய நோய். ஒரு கிருமியால் வருவது. அந்தக் கிருமியை 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் கண்டுபிடித்தார். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த மனிதருக்கு மருந்து இல்லை. இன்று இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கொடுக்கிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ விடாமல் சாப்பிட்டால் குணமாகும். தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் மறைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

எலும்பைப் படிப்பதில் அவசரம் கூடாது. அதற்கு ஒரு கதை உண்டு. சிந்து நதிக்கரையில் மொகஞ்சதாரோ என்ற பழைய நகரம் இருந்தது. இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. 1920-களில் அங்கே தோண்டினார்கள். வீடுகளிலும் தெருக்களிலும் சுமார் நாற்பது பேரின் எலும்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. முறையாகப் புதைத்தது போல இல்லை. பிறகு மார்ட்டிமர் வீலர் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர், வெளியிலிருந்து படையெடுத்து வந்த ஆரியர்கள் இவர்களை வெட்டிக் கொன்றார்கள் என்றார். பெரிய மனிதர் சொன்ன வார்த்தை. புத்தகங்களில் ஏறிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளும் அப்படியே படித்தார்கள்.

1964-இல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சில கேள்விகள் கேட்டார். படையெடுப்பு என்றால் கோட்டைப் பகுதியில்தானே பிணங்கள் விழ வேண்டும்? அங்கே ஒன்றுகூட இல்லையே! எல்லோரும் ஒரே நாளில் செத்தார்கள் என்பதற்கும் அடையாளம் இல்லையே! பிறகு கென்னத் கென்னடி என்பவர் அந்த எலும்புகளையே எடுத்து வைத்துப் பார்த்தார். ஒருவரின் மண்டையில் காயம் இருந்தது. ஆனால் அது ஆறிப்போன காயம். வெட்டிக் கொன்றதற்கான அடையாளம் பெரும்பாலான எலும்புகளில் இல்லை. ஆகவே கூட்டக் கொலை என்ற கதை நிற்கவில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். அது இங்கே சரியாகப் பொருந்துகிறது.

அப்படியானால் அந்தக் காலத்தில் எல்லோரும் சண்டையே இல்லாமல் வாழ்ந்தார்களா? அதுவும் இல்லை. அதே காலத்து இன்னொரு நகரம் ஹரப்பா. அங்கே கிடைத்த மண்டை ஓடுகளைப் பற்றி 2012-இலும் 2013-இலும் ஆய்வுகள் வெளிவந்தன. சில மண்டை ஓடுகளில் அடித்த காயம் இருந்தது. பெண்களின் மண்டையிலும் இருந்தது. பிள்ளைகளின் மண்டையிலும் இருந்தது. சிலருக்குத் தொழுநோயும் காசநோயும் இருந்தன. வழக்கமான இடுகாட்டுக்கு வெளியே, ஒதுக்குப்புறமாகக் கிடந்தவர்களிடம் அடியும் நோயும் அதிகமாகத் தெரிந்தன. நகரம் நொடித்த காலத்தில் காயமும் நோயும் கூடியிருந்தன. கஷ்ட காலம் வந்தால் யார் தலையில் முதலில் இடி விழுகிறது? ஒதுக்கப்பட்டவர் தலையில்தான். இதை நாம் எலும்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? நம் ஊரிலும் பார்க்கிறோமே!

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். மதுரைக்கு அருகே கீழடி இருக்கிறது. அதை ஒட்டிய கொந்தகையில் பழைய இடுகாடு ஒன்று உண்டு. அங்கே தாழிகளில் எலும்புகள் கிடைத்தன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அவற்றை ஆராய்கிறார்கள். இரண்டு ஆண்களின் மண்டை ஓடுகளை அளந்து, அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் உதவியோடு உருவாக்கினார்கள். 2025-இல் அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. பார்த்தால் நம் ஊர்ச் சந்தையில் எதிரே வரும் ஆள் மாதிரி இருக்கிறது.

மறையூரில் அப்படி முகம் செய்ய முடியுமா? கடினம். கேரளத்தில் மழை அதிகம். மண்ணில் புளிப்புத் தன்மை உண்டு. அது எலும்பைக் கரைத்துவிடும். அதனால் இங்கே எலும்பு மிச்சமிருப்பது அபூர்வம். ஒரு சிறு பல் கிடைத்தாலும் அது பொன்னுக்குச் சமம். ஆனால் சிலர் என்ன செய்கிறார்கள்? முனியறைக்குள் புதையல் இருக்கிறது என்று கல்லைப் பெயர்க்கிறார்கள். தாழி கிடைத்தால் உடைத்துப் பார்க்கிறார்கள். உள்ளே பெரும்பாலும் தங்கம் இருக்காது. மண்ணும் கரைந்த எலும்பும் இருக்கும். அதை மண்வெட்டியால் கிளறினால், ஒரு மனிதரின் மொத்த வாழ்க்கைக் கதையும் போயிற்று. பிறகு எந்தப் படிப்பாளியாலும் அதைப் படிக்க முடியாது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்தில் குழி வெட்டும்போது தாழியோ எலும்போ தென்பட்டால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். எதையும் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். பஞ்சாயத்திலோ வில்லேஜ் ஆபீசிலோ சொல்லுங்கள். அவர்கள் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பார்கள். முனியறையில் பிள்ளைகள் பேர் கிறுக்கினால் தடுங்கள். அது என்ன என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நம் வீட்டில் பேறுகாலத்தில் இருக்கும் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும், பிள்ளைக்கு நேரத்துக்குச் சோறும் கீரையும் முட்டையும் கொடுப்பதும், அடிதடி இல்லாமல் குடும்பம் நடத்துவதும் இன்றைய வேலை. பின்னாளில் யாராவது நம் எலும்பைப் படித்தால், இவர்கள் பசியில்லாமல், பயமில்லாமல் வாழ்ந்தார்கள் என்று அவர்கள் படிக்கட்டும்.