கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போங்கள்



என் தலைப்பை அறிவித்ததும் பின்வரிசையில் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டது. மனுஷனுக்கே கதியில்லை, இவர் நாய்க்கும் பூனைக்கும் பேச வந்துவிட்டாரே என்று தோன்றியிருக்கும். சிரித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கிற ஊர்கள் நம்முடையவை. புயல் என்றால் அது கடலூர்க்காரர் கவலை என்று இருந்தோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததோடு ஓயவில்லை, உள்ளே நகர்ந்து நம்மைத் தேடி வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில்! ஏரி நிரம்பி வழிந்து, ஓரமாக நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் ரோட்டில் உருட்டிக்கொண்டு போனதை நாடே டிவியில் பார்த்தது. வேனையே உருட்டிய தண்ணீரில் முளைக்குச்சியில் கட்டிய மாடு என்ன செய்யும்? கேட் கம்பியில் சங்கிலி போட்ட நாய் என்ன செய்யும்?

மறுநாள் அரசு நிவாரணம் அறிவித்தது. மாடு இறந்திருந்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. நியாயமான பட்டியல்தான், கறவை மாடு போனால் அந்த வீட்டு அடுப்பே அணைந்துவிடும். நாயும் பூனையும் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கும் காசு கொடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. என் கவலை வேறு. செத்த பிறகு போடுகிற பட்டியலில் இல்லாத ஜீவன், உயிரோடு இருக்கும்போது போடுகிற திட்டத்திலும் விட்டுப்போகிறது. படகு வரும்போது “ஆள் மட்டும் ஏறுங்க” என்கிறோம்.

அப்படிச் சொன்னால் ஆளும் ஏறுவதில்லை, ஐயா. 2005ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் கத்ரீனா புயலில் மூழ்கியது. நாயை விட்டுவிட்டு வா என்றதால் வீட்டைவிட்டு வர மறுத்தவர்கள் ஏராளம். மறு ஆண்டே அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள்: பேரிடர்த் திட்டம் தீட்டும் மாநிலமும் உள்ளாட்சியும் வளர்ப்புப் பிராணிகளையும் அதில் சேர்க்க வேண்டும். அமெரிக்கா தூரம் என்றால் திருச்சூர் பக்கம்தானே? 2018 வெள்ளத்தில் அங்கே ஒரு பெண்மணி, தன் 25 நாய்கள் இல்லாமல் வரமாட்டேன் என்று மீட்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் நாய்களோடு சேர்த்துத்தான் அவரை மீட்டார்கள். பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். இருக்கட்டும். மீட்புத் திட்டம் அந்தப் பைத்தியக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2022 செப்டம்பரில் பெங்களூருவின் பெல்லந்தூர், சர்ஜாபூர் பகுதிகள் மூழ்கியபோது, பங்களாக்காரர்கள் நாயை மடியில் வைத்துக்கொண்டு டிராக்டரில் வெளியேறினார்கள். வசதியுள்ளவர் நாய்க்கு டிராக்டர் கிடைத்தது. நம்ம லைன் வீட்டில் சிப்காட் வேலைக்குக் கணவன் ஒரு ஷிப்ட், மனைவி ஒரு ஷிப்ட். வீட்டுக்குப் பூட்டு, நாய்க்குச் சங்கிலி. ராத்திரி தண்ணீர் ஏறினால் யார் அவிழ்ப்பது?

வாயில்லா ஜீவனைக் கட்டிப்போட்டுக் கைவிடுவது இந்த மண்ணின் வழக்கம் அல்ல. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை நான் கூப்பிடப் போவதில்லை. அவரை எல்லா மேடைக்கும் இழுத்து அலுத்துவிட்டோம். எடுத்தனூருக்கு வாருங்கள். சாத்தனூர் அணைப் பக்கம், திருவண்ணாமலை மாவட்டத்து ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. கருந்தேவக்கத்தி என்கிற வீரன் இறந்துபோனான்; அவனோடு நின்று கள்ளரைக் கடித்துக் காத்தது அவனுடைய நாய். நாயின் உருவத்தையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் கல்லில் வெட்டினார்கள். 1,400 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குக் கல்லில் இடம் கொடுத்த ஜனங்கள், இன்று ஒரு தாலுகா ஆபீஸ் காகிதத்தில் இடம் கொடுக்கக் கூடாதா?

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தென்பெண்ணை நந்தி மலையில் புறப்பட்டு, பெங்களூருவின் கழிவையும் சுமந்து நுரை பொங்கக் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பிறகுதான் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர். மேலே மழை கொட்டினால் ஆற்றங்கரைக்காரருக்குச் சில மணி நேரமாவது கிடைக்கும். ஏரி உடைந்தால் அதுவும் கிடைக்காது. ஆகவே வேலையை மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து வையுங்கள். உங்கள் நாய் அவரிடம் பழகியிருக்கட்டும். கழுத்துப்பட்டையில் பெயரை எழுதுவதைவிட போன் நம்பரை எழுதுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டையைப் படம் எடுத்து வையுங்கள். முகாமில் முதலில் அதைத்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பூனை இடி சத்தத்துக்கே கட்டிலடியில் ஒளிந்துகொள்ளும், கடைசி நேரத்தில் அகப்படாது, முன்னாலேயே பிடித்துவிடுங்கள். கூடைக்குக் காசு வேண்டாம். ராயக்கோட்டை மண்டியில் கிடைக்கிற தக்காளி கிரேட் இரண்டை வாய்க்கு வாய் கவிழ்த்துக் கட்டினால் போதும். வெள்ளத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், உங்களுக்கும் வரும். எதையும் கூட்டிப்போக முடியாத நிலை வந்தால், கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போங்கள். அவிழ்த்த மாடு மேட்டைத் தேடும். கட்டிய மாட்டுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

முகாமில் நாய்க்குப் பயப்படுகிறவர்களும் குழந்தைகளும் இருப்பார்கள். அவர்கள் பயமும் நியாயமே. அதனால்தான் கேட்கிறேன்: மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் குறித்து வைத்திருக்கிற ஒவ்வொரு நிவாரணப் பள்ளிக்கும் மண்டபத்துக்கும் பக்கத்தில், பிராணிகளுக்கென்று தனியாக ஒரு தாழ்வாரமாவது ஒதுக்குங்கள். ஆள் பலத்துக்குக் குறைவில்லை. 1824ல் தொடங்கிய கால்நடைப் பண்ணை மத்திகிரியில் இருக்கிறது; கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரியும் அங்கேதான். அவர்களை அழைத்து, அக்டோபருக்கு முன்னால் ஓர் ஒத்திகை நடத்துங்கள். அறிவிப்பைத் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் செய்யுங்கள். நாய்க்கு மொழிப் பிரச்சினை இல்லை. அதை வளர்க்கிறவருக்கு உண்டு.

இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி வாசலில் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். போகும்முன் இரண்டு எண்களை போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962.