நாற்காலியும் வேலையும்



1967 தேர்தலில் முதலமைச்சர் பக்தவத்சலம் தம் தொகுதியான ஸ்ரீபெரும்புதூரிலேயே தோற்றார். விருதுநகரில் காமராசரை மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 ஓட்டில் ஜெயித்தார்.

காமராசர் முதல்வராக இருந்த 1956-இல்தான் நம்ம நெய்வேலி நிறுவனம் பிறந்தது. பண்ருட்டிக்காரர்கள் நமக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் அன்றைய ஜனங்கள் கண்முன் நின்றது அரிசித் தட்டுப்பாடும், 1965 மொழிப் போராட்டத் துப்பாக்கிச் சூடும்தான். நேற்றைய நன்மை இன்றைய பசிக்குப் பதில் ஆகாதுங்க.

தோற்றவர்கள் தீர்ப்பை ஏற்றார்கள்; அண்ணா முதல்வரானார். நெய்வேலியில் வேலை நிற்கவில்லை. காமராசரும் 1969-இல் நாகர்கோவிலில் ஜெயித்து மக்களவைக்குப் போனார்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் அதிகாரிகளாக உட்காருவீங்க. நாற்காலி போகும், உருப்படியாகச் செய்த வேலை நிலைக்கும். இருக்கும் வரைக்கும் எதிரே நிற்பவர் குறையைக் காது கொடுத்துக் கேளுங்க.