உழைச்செல்வான்
(திருத்தணி விழாவில் ஆற்றிய உரை)

 

மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பேணுபவரையும் 'உழைச்செல்வான்' எனச் சேர்த்தார். இந்நாளில் அப்பணியை ஆற்றுவோர் செவிலியர். மருத்துவருக்கும் மருந்துக்கும் பொருளை வாரி இறைக்கும் நாம், இந்நான்காம் கூற்றை மறந்துவிட்டோம்.

ஈராண்டுகளுக்கு முன், நீரிழிவால் காலில் புண்ணுற்ற என் தமக்கையாரைப் பெருநகரத் தனியார் மருத்துவமனையொன்றில் சேர்த்தோம். இங்கே செய்த பரிசோதனைகளையே அங்கு மீண்டும் செய்தனர். மூன்றாம் நாள் இரவு, புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுவதை முதலில் கண்டவர் ஓர் இளம் செவிலி. உடனே தெரிவித்தார், குறிப்பேட்டிலும் எழுதினார். மருத்துவர் வந்து பார்த்தது மறுநாள் மாலை. தமக்கையார் இரண்டு விரல்களை இழந்தார். கண்டவருக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை. உரிமையுடையவர் அருகில் இல்லை. செலவு பெருகுவதும் உடல் குறைவதும் இவ்விடைவெளியில்தான்.

நமக்கு அண்மையிலுள்ள வேலூரில், 1900இல் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் செவிலியர் பள்ளியை நிறுவியது 1909இல். மருத்துவப் பள்ளியை நிறுவியதோ 1918இல். எது முதலில் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நெதர்லாந்தில் யோஸ் டி பிளோக் என்னும் செவிலியர் 2006இல் 'பூர்ட்சோர்க்' அமைப்பைத் தொடங்கினார். பன்னிருவருக்கு மேற்படாத செவிலியர் குழுக்கள், மேலாளரின்றித் தாமே முடிவெடுத்து, இல்லந்தோறும் சென்று பேணுகின்றன. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் கிடப்போரை நாடிச் செவிலியர் வீட்டுக்கே வருகின்றனர்.

நாம் செய்யத்தக்கவை இரண்டு. மருத்துவமனையில் செவிலி கூறுவதைச் செவிமடுத்து, அதனை மருத்துவர் பார்த்தாரா என்று தயங்காமல் கேளுங்கள். மற்றொன்று, மருந்துதானம் செய்யும் இவ்வறக்கட்டளை, கட்டணச் சீட்டு வந்தபின் உதவுவதோடு நில்லாமல், செவிலியர் கல்வி பயிலும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும்.

செவிலியர் படிப்பை விரும்பிய மாணவி ஒருத்தியிடம், "உன் மதிப்பெண்ணுக்கு இது எதற்கு?" என்று கேட்ட ஆசிரியன் நான். அப்பிழையை இம்மேடையில் ஒப்புக்கொண்டு அமைகிறேன்.