ஓலைக் காற்றாடி

கேளம்பாக்கம் உப்பளத்துப் பக்கம் போனால் பனைமரம் கண்ணில் படும். நம் மாநில மரம் அது. வாண்டுகளுக்கு அதைவிடப் பெரிய பொம்மைக்கடை எனக்குத் தெரியாது.

பச்சை ஓலையில் விரல் அகலத்துக்கு, ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டு கிழியுங்கள். கூட்டல் குறி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். நான்கு முனையையும் ஒரே பக்கமாக லேசாகத் திருகுங்கள். இந்தத் திருகல்தான் காற்றை வாங்கித் தள்ளும். தட்டையாக விட்டால் சுற்றாது. நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முருங்கைக் குச்சியில் செருகுங்கள். முள் வேலை மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். ஓலையில் விழும் ஓட்டை சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும்.

அதே பனையின் நுங்கைத் தின்றபின் மிஞ்சும் வெறுங்காயை, அதாவது கூந்தலை, தூக்கி எறிகிறோமே, இரண்டு கூந்தலும் ஒரு குச்சியும் இருந்தால் வண்டி தயார். கவட்டைக் கம்பால் தள்ள வேண்டியதுதான்.

பக்கத்து முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஓலைப் பின்னலையும் மண்பாண்டத்தையும் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கலாம். ஒருநாள் கூட்டிப் போங்கள்.

காற்றாடியை இன்றைக்கே செய்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் கோவளம் பக்கமிருந்து கடற்காற்று வந்துவிடும். மாடியில் நின்று நீட்டினால் போதும்.