இல்லாமை நீங்கிய உலகில் அறம்



1987 முதல் 1994 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ரெப்ளிகேட்டர் என்றொரு கருவி உண்டு. கேட்ட உணவை நொடியில் ஆக்கித் தரும். அமுதசுரபி என்றே சொல்லிவிடலாம். ஆனால் அமுதசுரபி சுரக்க ஆதிரை முதற்பிச்சை இட வேண்டியிருந்தது. இதற்கு எவர் கற்பும் கருணையும் வேண்டா.

பசி போனபின் பணமும் போயிற்று என்கிறது கதை. 1988-இல் வந்த ஒரு பகுதியில், நெடுங்காலம் உறைநிலையில் கிடந்து விழித்த செல்வர் ஒருவர் தம் முதலீடுகளைத் தேடுகிறார். தம்மை உயர்த்திக்கொள்வதே இனி வேலை என்கிறார் கப்பல் தலைவர் பிக்கார்ட். அழகிய மறுமொழிதான். ஆயினும் அவர் குடும்பத்துக்குப் பிரான்சில் திராட்சைத் தோட்டம் இருக்கிறதே! நிலத்தை எந்தக் கருவியும் வார்த்துத் தராது. அதைப் பங்கிடும் முறையைத் தொடர் விளக்காமலே கடந்துவிடுகிறது.

உழைப்பு என்னவாயிற்று? இதற்கு விடை 2001-இல், ‘வாயேஜர்’ தொடரில் வருகிறது. ஒளியுருவாகிய மருத்துவர் ஒருவர் தம் போன்றோர் படும் பாட்டைக் கதையாக எழுதுகிறார். வெளியீட்டாளர் அவர் இசைவின்றியே அதை வெளியிட, வழக்கு எழுகிறது. அவர் மனிதர் என்று தீர்ப்பு ஏற்கவில்லை; கலைஞர் என்று மட்டும் ஏற்கிறது. (எழுதியவர்க்கு உரிமை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே.) அடுத்த காட்சி ஒரு சுரங்கம். அவர் முகமே கொண்ட பல ஒளியுருக்கள் அங்கே பாடுபடுகின்றன. அவற்றுள் ஒன்று மற்றொன்றிடம் அந்தக் கதையைப் பற்றி மெல்லச் சொல்கிறது.