குதிரைக்கும் முதுகு வலிக்கும்

(ஏரியூர் பட்டிமன்றம். தலைப்பு: நல்ல பழக்கம் படிவது கண்டிப்பாலா, கனிவாலா? ‘கனிவாலே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

நடுவர் அவர்களே! எதிரணியில் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் தங்கச்சி அவர்களே! பனியிலும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஏரியூர்ப் பெருமக்களே!

“சாட்டை இல்லாம குதிரை ஓடுமா?”ன்னு தங்கச்சி கேட்டாங்க. கைதட்டலும் வாங்கிட்டாங்க. அம்மா, நீங்க குதிரையைக் கேட்டீங்களா? (சிரிப்பு)

நிற்கிற குதிரையின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு முன்னங்காலில்தான் இறங்குகிறது. தலையும் கழுத்தும் அந்தப் பக்கம். அது போதாதென்று நாம வேற ஏறி உட்காருகிறோம். பழகாத குதிரை முதுகைப் பள்ளமாக்கும், தலையைத் தூக்கும், முன்னங்காலை ஓங்கி ஓங்கி வைக்கும். முதுகில் வலி, காலில் வீக்கம், பிறகு நொண்டல். அப்போ நாம என்ன சொல்றோம்? “முரட்டுக் குதிரை!” இன்னும் ரெண்டு போடுறோம். வயிறு வலிக்குதுன்னு அழுத பிள்ளைக்கு முதுகில் வைத்த கதை!

ஐரோப்பாவில் டிரஸ்ஸாஜ் என்று ஒரு கலை. பிரெஞ்சுச் சொல், பழக்குதல் என்று பொருள். அரங்கத்தில் பார்த்தால் நாட்டியம் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது உடற்பயிற்சி. முதலில் கழுத்தை நீட்டித் தளர்வாக நடக்க விடுவார்கள். பிறகு வட்டம், இடப்பக்கம் எத்தனை சுற்றோ வலப்பக்கமும் அத்தனை. நம்மைப் போலவே குதிரைக்கும் ஒரு பக்கம்தான் வாட்டம். பிறகு தோளை உள்ளே வளைத்துப் பக்கவாட்டில் நடத்துவது. 18ஆம் நூற்றாண்டில் லா கெரினியேர் என்ற பிரெஞ்சு ஆசான் வகுத்துக் கொடுத்த இந்த நடையை இன்றைக்கும் யாரும் விடவில்லை. வயிற்றுத் தசை வலுக்கும், முதுகு மேலே எழும்பும், பின்னங்கால் மெல்ல உள்ளே வந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும். முன்னங்கால் பிழைத்தது!

அவசரமும் கூடாது. குதிரையின் முதுகெலும்பு முற்றவே ஐந்தாறு வயது ஆகும். உலகப் போட்டிகளின் உச்சப் பிரிவில் 8 வயது நிரம்பாத குதிரைக்கு அனுமதியே இல்லை. நாம? எல்.கே.ஜி.க்கே நுழைவுத் தேர்வு! (கைதட்டல்)

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கடல் தாண்டி ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள். பேணத் தெரிந்தவர் இல்லாததால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார், வியாபாரி இல்லையா! ஆனாலும் நரியைப் பரியாக்கிய கதையை ராப்பகலாகக் கேட்ட நாம், பரி செத்த கணக்கைக் கேட்கவே இல்லை.

மேட்டூர் வழியாப் போனா அந்தியூர். ஆடி மாசம் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை பார்த்திருப்பீங்க. பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். அடுத்த தடவை முதுகில் கையை வைத்து லேசா அழுத்திப் பாருங்க. நெளிந்தால் வலி இருக்கலாம். ஆடுற குதிரையின் வாயைப் பாருங்க. கடிவாளத்தை மெதுவா மென்றுகொண்டிருந்தால் நிம்மதி. வாலை விசுக் விசுக்குன்னு வீசினால் ஏதோ அவதி.

2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்த டிரஸ்ஸாஜ் கலையில்தான் நம் நாட்டு அணி தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டு கழித்துக் கிடைத்த தங்கம். மறு வருஷம், 2024-ல், மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டிஷ் வீராங்கனை சார்லட் டுஜார்டின், பயிற்சியில் ஒரு குதிரையின் காலில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த வீடியோ வெளியானது. பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார், ஓராண்டுத் தடை.

“அடிச்சவங்கதானே தங்கம் வாங்கினாங்க?”ன்னு தங்கச்சி எழுந்திருப்பாங்க. நியாயமான கேள்வி. அடித்தால் கால் தூக்கும், மறுக்கலை. ஆனால் பயந்த குதிரை முதுகை இறுக்கும். முதுகு இறுகினால் பின்னங்கால் உள்ளே வராது. பாரமெல்லாம் மறுபடி முன்னங்காலுக்கு! அடி குதிரையை ஆட வைக்கலாம், தாங்க வைக்காது.

கனிவுன்னா கட்டிப்போட்டுக் கொள்ளு வைப்பதில்லைங்க. சும்மா நிற்கிற குதிரைக்கும் நோய் வரும். தினமும் வேலை உண்டு. கேட்டதைச் செய்ததா? அந்த நொடியே லகான் பிடியைத் தளர்த்தணும். அதுக்கு அதுதான் கூலி. அரை நிமிஷம் தாமதித்துத் தளர்த்தினால் எதற்குக் கிடைத்ததென்று குதிரைக்குத் தெரியாது. நம்ம வீட்டிலும் மார்க் குறைஞ்சா அன்னைக்கே திட்டு. முதல் ரேங்க் வாங்கினா சைக்கிள் அடுத்த தீபாவளிக்கு! (சிரிப்பு)

நடுவர் மணியை அடித்துவிட்டார். நேரத்தைத் தாண்டியும் பேசினேன்; அப்போதும் அவர் மணியைத்தான் எடுத்தார், சாட்டையை எடுக்கவில்லை. நானும் உட்கார்ந்துவிட்டேன்.